கடலை மிரட்டும் ராமனும் நம்ம ஊர்க் கரையும்: ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது

கீழக்கரைப் பக்கம் ஓவியம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் ரவிவர்மாவின் ராமன் படம் ஒன்று மாட்டியிருக்கிறதாம். கரையில் வில்லோடு சினந்து நிற்கும் ராமன், அலைக்குள்ளிருந்து பணிந்து எழுந்து வரும் வருணன், மின்னல் வெட்டும் வானம். 'எல்லோரும் கம்போசிஷன் பிரமாதம், அனாட்டமி பிரமாதம் என்கிறார்கள். எனக்கு என்ன பார்ப்பது என்றே தெரியவில்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையில் உள்ள சுவரோவியங்களில் முகம் ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. அந்த ஓவியர்களுக்கு உடற்கூறு தெரியாதா?' என்பது கேள்வி.

தெரியும். ஆனால் அந்தப் பதில் ரவிவர்மா படத்தைப் பார்த்து முடித்தபிறகுதான் விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கம்போசிஷன் என்கிற இட அமைப்பு, அனாட்டமி என்கிற உடற்கூறு என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் சிக்கல். புராணப் படத்தில் உடம்பு எப்படித் திரும்புகிறது என்பதைக் கதை முடிவு செய்கிறது. உடம்பு எப்படித் திரும்புகிறதோ அதை வைத்துத்தான் படத்தில் மற்றதெல்லாம் இடம் பிடிக்கிறது.

ஓவியர் கோடு போடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருப்பார்: கதையின் எந்தக் கணம்? இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு மூல ஓவியம் இருக்கும் மைசூர் போகவேண்டிய தேவையில்லை, திருப்புல்லாணி போதும். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தர்ப்பசயன ராமர் சன்னதி இருக்கிறதே, அங்கே ராமன் புல்லணையில் படுத்திருக்கிறான். கடலரசனிடம் வழி கேட்டுக் காத்திருக்கும் கணம் அது. வால்மீகியில் மூன்று இரவு, கம்பனில் ஏழு நாள். 'கருணை அம் கடல் கிடந்தது, கருங் கடல் நோக்கி' என்று கம்பன் சொல்வது இந்தக் கிடையைத்தான். ரவிவர்மா எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த கணம். பொறுமை முடிந்து, எழுந்து, வில்லைக் கையிலெடுத்த கணம்.

இந்த இரண்டையும் ஒரு தாளில் வெறும் கோடாகப் போட்டுப் பாருங்கள். கடல் ஒரு படுக்கைக் கோடு. படுத்திருக்கும் ராமன் அதற்கு இணையாக இன்னொரு படுக்கைக் கோடு. இரண்டும் மோதவில்லை, சண்டையில்லை. இப்போது ராமனை எழுப்பி நிறுத்துங்கள். செங்குத்துக் கோடு கடலின் கோட்டை வெட்டுகிறது. முகத்தில் கோபம் வரையாமலே கோபம் வந்துவிட்டது. கம்போசிஷன் என்று பெரிதாகப் பேசுவதில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதி, அந்த நிற்கும் கோட்டை எங்கே வைப்பது, எதன்மேல் நிறுத்துவது என்பது.

படத்தில் ராமனின் காலடியில் பாறை. நம்ம ஊர்க்காரர் யாராவது இதைப் பார்த்துச் சிரித்திருக்கவேண்டும். திருப்புல்லாணியிலிருந்து சில கிலோமீட்டர்தான் சேதுக்கரை. போய்ப் பார்த்தால் தட்டையான மணல், எதிரே மன்னார் வளைகுடா, வெளியே தீவுகளும் பவளத்திட்டுகளும் அலையை உடைத்துவிடுவதால் பெரும்பாலான நாள் கரையில் ஆரவாரமே இருக்காது. தனுஷ்கோடிக்குப் போனால் ஆண்கடல், பெண்கடல் என்று இருபுறமும் பிரித்துச் சொல்வார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், கொஞ்சம் சீறும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், குளம்போலக் கிடக்கும். அந்த ஆண்கடல் பக்கத்திலும் ரவிவர்மா வரைந்த மாதிரி நின்று வில் வளைக்கப் பாறை கிடையாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாறை ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் ஒரு நல்ல பாடம் கிடைக்கும். தட்டையான கரையில் நீங்கள் நின்று கடலைப் பாருங்கள். அடிவானக் கோடு எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். அதே மணலில் உங்கள் உயரமுள்ள யார் எங்கே நின்றாலும், பத்தடி தூரமோ நூறடி தூரமோ, அடிவானம் அவர் கண்ணை ஒட்டியே போகும். சின்னப் பிள்ளை நின்றால் தலை அடிவானத்துக்குக் கீழே, கடலுக்குள் இருக்கும். கரையேற்றிய வத்தைப் படகின்மேல் ஒருவர் ஏறி நின்றால் அவர் மார்பு, வயிறு எல்லாம் அடிவானத்துக்கு மேலே, வானத்தில். அவ்வளவு பெரிய கடல் அவர் இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. ரவிவர்மாவுக்கு வேண்டியிருந்தது இதுதான். ஒரு மனிதன் கடலை மிரட்டுகிறான் என்றால் நம்பும்படி இருக்கவேண்டும். தெய்வமாக்கி உருவத்தைப் பெரிதாக்குவது ஐரோப்பிய முறையில் வரைபவருக்கு முடியாது, அளவு கெட்டுவிடும். அதனால் பாறையைப் போட்டு ஏற்றுகிறார், நம்மைத் தாழ்வான இடத்தில் நிறுத்துகிறார். உங்கள் படத்தில் அடிவானம் ராமனின் உடம்பை எந்த இடத்தில் தொடுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். எந்தப் புராணப் படத்திலும் நான் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

அப்புறம் வெளிச்சம். மின்னல் வெறும் அலங்காரம் இல்லை. வில் மெல்லிய பொருள், இருண்ட கடலின் முன்னால் வைத்தால் காணாமல் போய்விடும். வானத்தை எங்கே பிளந்தால் வில்லும் கையும் முகமும் துலங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ஓவியர்கள் ஒளியைத் திறப்பார்கள். கண்ணைப் பாதி மூடி, இமை இடுக்கு வழியாகப் படத்தைப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து மூன்று நான்கு இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும்தான் மிஞ்சும். அந்த நிலையிலும் யார் மிரட்டுகிறார், யார் கெஞ்சுகிறார் என்பது தெரிந்தால் படம் நிற்கும். தெரியவில்லையென்றால் நகையும் பட்டுச் சரிகையும் எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை. ராமனுக்கும் வருணனுக்கும் இடையே விட்டிருக்கும் வெற்றிடத்தையும் கவனியுங்கள். அம்பு பறக்கவேண்டிய இடம் அது. அதில் ஏதாவது பொருளை அடைத்திருந்தால் மிரட்டல் செத்துவிடும்.

இனி உடம்புக்கு வருவோம். அனாட்டமி என்றதும் பிள்ளைகள் தசைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். தசை கடைசி. முதலில் எடை. நிற்கும் உருவத்தின் தொண்டைக்குழியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல ஒரு நூலைக் கற்பனையில் கீழே விடுங்கள். ஒற்றைக் காலில் எடை இருந்தால் அந்த நூல் அந்தப் பாதத்தின்மேல் விழவேண்டும். இரண்டு காலிலும் ஊன்றியிருந்தால் இரண்டுக்கும் நடுவே விழவேண்டும். வெளியே விழுந்தால் ஆள் சாய்கிறான் என்று பொருள், ஓவியர் அதை வேண்டுமென்று செய்தாரா என்று பார்க்கவேண்டும். அடுத்து இடுப்பு. எடை தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். உடம்பு மூன்று இடத்தில் வளையும் திரிபங்கத்தில் நம் சிற்பிகள் செய்ததும், கிரேக்கச் சிற்பிகள் கண்டுபிடித்ததும் உடம்பின் இதே உண்மையைத்தான்.

வில் வளைக்கும் உடம்பில் இன்னும் சுவையான விஷயம் இருக்கிறது. நாணை இழுப்பது கை என்று நினைக்கிறோம். இழுப்பது முதுகு. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகுத்தண்டை நோக்கி நெருங்கும், மார்பு முன்னால் விரியும், விலா எலும்புகள் பக்கவாட்டில் தெரியும். வில் பிடித்த கையின் காறை எலும்பு ஏறக்குறைய அந்தக் கையின் நேர்க்கோட்டிலேயே வந்து நிற்கும். நாண் பிடித்த கையின் முழங்கை அம்பின் கோட்டை ஒட்டிப் பின்னால் நீளும். தலை இலக்கை நோக்கித் திரும்புவதால் காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிக்கு இறங்கும் கழுத்துத் தசை கயிறுபோல எழும். இந்த நான்கும் சரியாக இருந்தால், புயத்தில் முண்டு முண்டாகத் தசை போடாவிட்டாலும் வில் உண்மையிலேயே வளைகிறது என்று கண் நம்பும். புயம் மட்டும் பருத்து முதுகும் மார்பும் சும்மா இருந்தால், நாடகத்தில் மூங்கில் வில் பிடித்து நிற்கிற ராஜபார்ட் மாதிரி இருக்கும்.

இந்த முதுகை நேரில் பார்க்க விரும்பினால் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். கயிறு பிடித்த கை நீட்டியபடியே கிடக்கும், வேலை செய்வது குதிகாலும் தொடையும் முதுகும்தான். உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்து, தூக்குக்குண்டு நூல் பாதத்துக்கு வெளியே விழும், ஆனாலும் விழமாட்டார்கள், ஏனென்றால் கயிற்றின் மறுமுனையில் கடல் இழுக்கிறது. கலைக்கல்லூரியில் மாடல் ஒருவரை உட்காரவைத்து வரைந்தால் இது கிடைக்காது. வரையப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், வேலைக்கு நடுவே குறுக்கே நிற்காதீர்கள்.

இந்த அளவுகோலோடு ரவிவர்மாவிடம் போனால் என் கருத்து கொஞ்சம் கலவையானது. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். கலைப்பள்ளி எதிலும் முறையாகப் படித்தவரில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்த மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அங்கே வந்து அரச குடும்பத்தாரை வரைந்தபோது பார்த்துப் பிடித்துக்கொண்டதும் உண்டு. அப்படிப் பார்த்தே கற்ற ஒருவர் துணியின் மடிப்பிலும், முகத்திலும், விரல்களிலும் எட்டிய உயரம் அசாத்தியமானது. ஆனால் அவர் வரைந்த பெண்களின் உடம்பு நம்பவைக்கிற அளவுக்கு ஆண்களின் உடம்பு நம்பவைப்பதில்லை. பதினான்கு ஆண்டு வனவாசத்தின் கடைசியில் இருக்கும் ஒருவனுக்குக் காட்டில் காய்ந்து இறுகிய அடையாளம் உடம்பில் தெரியவேண்டும். அவருடைய நாயகர்களிடம் அரண்மனைச் சோற்றின் மழமழப்பு போவதேயில்லை. கடலை மிரட்டும் படத்திலும் கோபத்தில் பாதியை வானமும் அலையும்தான் சுமக்கின்றன என்பேன். தன் கடைசி ஆண்டுகளில் மைசூர் அரண்மனைக்காக வரைந்தது, இப்போது அங்கே ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் இறந்தது 1906 அக்டோபரில்.

இதே ஓவியரின் ஜடாயு வதத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வாளோங்கிய ராவணன், முகத்தை மறைத்துக்கொள்ளும் சீதை, சிறகு வெட்டுண்டு சரியும் ஜடாயு. அங்கே நிற்க மண்ணே இல்லை, நடப்பது ஆகாயத்தில். தூக்குக்குண்டு சோதனை செல்லாது. அந்த விடுதலையில் ரவிவர்மாவின் கம்போசிஷன் இன்னும் துணிச்சலாகிறது. வாள், சிறகு, சீதையின் உடல் என்று எல்லாமே சாய்கோடுகள், எதுவும் ஓய்வெடுக்காது. எனக்கு அதுதான் மேலான படம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டில் இருப்பது அச்சுப்படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய நாளிலிருந்தே கல் அச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத்தான் இந்தமாதிரிப் படங்கள் வீடு வீடாகப் போயின. ஓவியத்தைக் கல்லுக்கு மாற்றுபவர் வேறு ஆள். கன்னத்திலும் வயிற்றிலும் மெல்ல மங்கும் நிழல் அங்கே திட்டுத் திட்டாகிவிடும், ஓரக்கோடு தடித்துவிடும். அதற்குப் பின்னால் வந்த நாட்காட்டிப் படங்களில் ஓரத்தை வெட்டியும் விடுவார்கள், கம்போசிஷனே மாறிப்போகும். ஆகவே அச்சுப்படத்தை வைத்து இடம், கோடு, எடை இவற்றைப் பேசலாம், அதுவும் வெட்டாத படமாக இருந்தால். தசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சரி, ராமலிங்க விலாசம்.

கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை, ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பாலகாண்டக் காட்சிகள் இருக்கின்றன, பாகவதக் காட்சிகள் இருக்கின்றன, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது, ராஜராஜேஸ்வரியிடம் சேதுபதி செங்கோல் வாங்குவது இருக்கிறது. சேதுவைக் காப்பவர் என்பதால்தான் சேதுபதி என்ற பட்டமே, ஆகவே அங்கே ராமகதை வெறும் பக்திக் கதையில்லை, அரசுரிமைப் பத்திரமும்கூட. அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சுவரில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுவதில்லை. நிழல் இல்லை. உடம்பைத் தூக்கி நிறுத்துவது கறுப்புக் கோடு, பின்னால் செங்காவி. நின்ற இடத்தில் நின்று பார்ப்பதற்கான படமில்லை, சுவரோடு நடந்தபடி பட்டை பட்டையாகப் படிக்கவேண்டியது. ஒரே ஆள் அடுத்தடுத்த காட்சியில் திரும்பத் திரும்ப வருவான். எனவே நூறு உருவங்களுக்கு நடுவே அவனைச் சட்டென்று அடையாளம் காணவேண்டும். மூக்கு எந்தக் கோணத்தில் நன்றாகத் தெரியும்? பக்கவாட்டில். மார்பும் அதன்மேல் கிடக்கும் மாலையும்? நேராக. பாதம்? பக்கவாட்டில். ஒவ்வோர் உறுப்பையும் அது தன்னைத் தெளிவாகக் காட்டும் பக்கத்திலிருந்து எடுத்துக் கோத்திருக்கிறார்கள்.

அளவு கிடையாது என்று நினைக்காதீர்கள். தாளக்கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் 12 அங்குலம். இந்த அங்குலம் உருவத்தின் அளவோடு மாறும், அடிக்கோல் அங்குலம் இல்லை. நவதாள உருவத்துக்குக் கணக்கு இப்படிப் போகும்: முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து கொப்பூழ் 12, அங்கிருந்து குறிவரை 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. மொத்தம் 108. தெய்வ உருவத்துக்குத் தசதாளம், அதிலும் உத்தமம் 124 அங்குலம். இது சிற்பிகளின் கணக்கு, சுவரில் வரைபவர் அச்சு அசலாகப் பின்பற்றியிருக்கமாட்டார், பரப்பு இடம் கொடுக்கவேண்டுமே. ஆனாலும் தொடையும் கணைக்காலும் சமம், கழுத்தும் முழங்காலும் பாதமும் சமம் என்ற இந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தால்தான் ஒரே வீச்சில் கோடு போகும். ரவிவர்மாவின் கண் மனிதனைப் பார்த்து அளக்கிறது. இவர்கள் அளவைக் கற்று மனிதனைக் கட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். கண்ணாடிக்கு முன்னால் நின்று, இடப்பக்கச் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, இல்லாத வில்லை வளையுங்கள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மார்பு கண்ணாடிக்கு நேராக விரிந்திருக்கும். முன்னால் போகும் காலை மடித்து, மறுகாலை நீட்டி நின்றால் முன்பாதம் குறியை நோக்கித் திரும்பிக்கொள்ளும். முகம் ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம்! நீங்கள் தப்பு என்று சொன்ன அதே நிலை. வில்லாளிக்கு அது உடற்கூறுப்படியே சரி. ஓவியத்தில் வில்லாளிகள் பெரும்பாலும் படத்தின் குறுக்கே, இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ எய்வதற்கும் காரணம் இதுதான். உள்நோக்கி எய்தால் முகம் தெரியாது, நம்மை நோக்கி எய்தால் கை குறுகி, முகத்தை வில் மறைக்கும். குறுக்கே எய்யும்போது மட்டும்தான் முகம், மார்பு, வில் மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. எண்ணெய் வண்ணக்காரருக்கும் சுவரோவியருக்கும் இதில் வேறு வழியில்லை. வில்லில்லாமல் சும்மா நிற்கும் பணிப்பெண்ணுக்கும் அதே திருப்பத்தைச் சுவரில் போட்டிருக்கிறார்களே என்று கேட்டால், ஆமாம், அது மரபின் பழக்கம், அங்கே உடம்பைவிட அடையாளம்தான் முக்கியம்.

நேரம் கிடைத்தால் ராமனின் பழைய செப்புத்திருமேனி ஒன்றையும் பார்த்துவிடுங்கள். இடக்கை உயர்ந்து வில் பிடிக்கும் பாவனையில் இருக்கும், வலக்கை தாழ்ந்து அம்பு பிடிக்கும் பாவனையில். பல திருமேனிகளில் வில்லே இருக்காது, தனியாகச் செய்து வைப்பது வழக்கம். இருந்தும் இடுப்பின் ஒடிவும் தோளின் சரிவும் வில் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் மேலே சொன்ன எடை, நூல், இடுப்பு ஏறத் தோள் இறங்கும் கணக்கு எல்லாம் அதில் சுத்தமாக இருக்கும், ஒரு தசைகூடத் தனியாகத் தெரியாது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ரவிவர்மா படத்தின்மேல் டிரேசிங் தாள் வைத்து, அடிவானம், வில், கைகளின் கோடு, தூக்குக்குண்டு நூல், இவ்வளவை மட்டும் எடுங்கள். அப்புறம் ராமலிங்க விலாசத்தில் வில்லேந்திய ஓர் உருவத்தின் முன்னால் உட்கார்ந்து அதே கோடுகளை நோட்டில் போடுங்கள். காலையில் போனால் கூட்டம் இருக்காது. சுவரைத் தொடவேண்டாம், சுண்ணம் ஏற்கெனவே பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், கழுத்திலிருந்து இடுப்புவரை எவ்வளவு ஒத்துப்போகிறது, இடுப்புக்குக் கீழே எங்கே பிரிகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பிரியும் இடத்தில் சந்தேகம் வந்தால் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.